டொரத்தியின் காணி

மார்ல்கோட் பாரிஷ் வரலாற்றுச் சங்கத்தில் என் மனைவி மேரிறோஸ் சேர்ந்தபோது அதில் இருபத்தொரு பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் தலை வெள்ளை. இவளுக்கு மட்டும் கறுப்பு, அதுவும் டூட்டிங் கடையில் வாங்கிய டையின் புண்ணியத்தில். பாரிஷ் என்றால் எங்கள் கத்தோலிக்கர் பங்கு என்பார்களே, அதுதான்: ஒரு தேவாலயமும் அதைச் சுற்றிய ஊரும். எங்கள் பாரிஷ் தெற்கு லண்டனில் இருக்கிறது. டூட்டிங்கிலிருந்து பஸ்ஸில் பதினைந்து நிமிடம்.

அவள் சங்கத்தில் சேர்ந்ததற்கு ஒரு காணி உறுதிதான், அதாவது ஒரு நிலப் பத்திரம்தான், காரணம். ஒரு சனிக்கிழமை டூட்டிங்கில் அறக்குளா மீன் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினோம். நூலகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் சங்கத்துக்காரர் ஒரு பழைய உறுதியின் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். மேரிறோஸ் அதன் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். யாழ்ப்பாணத்தில் காணிப் பதிவுக் கந்தோரில் ஒன்பது வருஷம் கிளாக்காக இருந்தவள் அவள். லண்டனில் பள்ளிக்கூடச் சமையலறையில் பதினெட்டு வருஷம் அவித்த உருளைக்கிழங்கு பரிமாறியவள். கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாருடைய வேலி என்று அந்த உறுதி எல்லை சொல்லிக்கொண்டே போனது. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலிஷ் உறுதி, அவள் கந்தோரில் பதிந்த உறுதிகளின் அதே நடையில் இருந்தது. அவள் ஆறுதலாக வாசித்து முடிக்கும் வரை நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐஸ் கரைந்து மீன் தண்ணீர் என் சப்பாத்துக்குள் போனது. எனக்குக் கோபம் வந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

நான் யோகராஜா. ஜெர்மனியில் பத்து வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்த எலெக்ட்ரீஷியன். வயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்ப்பதோடு என் ஆராய்ச்சி முடிந்துவிடும். ஆனால் அவளைக் காரில் கொண்டுபோய் விட ஆள் வேண்டுமே. அப்படித்தான் நானும் அந்தச் சங்கக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்காரத் தொடங்கினேன்.

முதல் மூன்று மாதம் அவளுக்குக் கொடுத்த பதவி தேநீர் ஊற்றுவது. பிறகு யாருக்கும் பிடிக்காத ஒரு வேலையைத் தலையில் கட்டினார்கள். 1650 முதல் 1750 வரை பாரிஷ் பதிவேட்டில் உள்ள ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் எல்லாவற்றையும் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அந்தக் காலத்துக் கையெழுத்து கஷ்டம், பழக ஒரு வருஷம் ஆகும் என்று சொன்னார்கள். உறுதி எழுதும் எங்கள் ஊர் நொத்தாரிசுமாரின் கையெழுத்தை வாசித்தவளுக்கு அது ஒரு மாத வேலையாகத்தான் இருந்தது. பதிவேடு முடிந்ததும் மேனர் நீதிமன்றக் குறிப்புகளையும் கேட்டு வாங்கினாள். மேனர் என்பது ஒரு பெரிய வீடும், அதோடு சேர்ந்த காணிகளும், அவற்றின்மேல் ஒரு குடும்பத்துக்கு இருந்த அதிகாரமும். அந்தக் குறிப்புகளில், ஒருவன் வேலியை ஓர் அடி தள்ளிப் போட்டதற்குப் பன்னிரண்டு பேர் கூடியிருந்து விசாரித்திருக்கிறார்கள். வேலிச் சண்டை எங்களுடைய தனிச்சொத்து என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்த எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

இரண்டு மாரிகாலம் இப்படிப் போனது. மூன்றாம் வருஷம் தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள வெளிக்கு ஆபத்து வந்தது.

அந்த வெளிக்கு லோங் பீஸ் என்று பெயர். நாலு ஏக்கர் புல். எங்கள் தமிழ்ப் பள்ளியின் விளையாட்டுப் போட்டி அங்கேதான் நடக்கும். போலந்துக்காரர் பந்தடிப்பார்கள், சோமாலியப் பெண்கள் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு சுற்றுவார்கள், வெள்ளைக்காரர் நாய்களோடு நடப்பார்கள். அதைச் சுற்றி அடுக்குமாடியில் இருக்கிற ஆயிரம் வீட்டுக்கு முற்றம் என்று சொல்ல வேறு எதுவும் கிடையாது. ஒரு நாள் காலையில் அதன் வாசலில் ஒரு கம்பனி கம்பி வேலி போட்டு அறிவித்தல் ஒட்டியது. காணி தங்களுடையது, நூற்றுப் பதினாலு பிளாட் கட்டப்போகிறோம் என்றது அறிவித்தல். ஊர் எதிர்த்தது. கவுன்சில் யூன் மாதத்தில் ஒரு விசாரணை வைப்பதாகச் சொன்னது.

கம்பனியின் கையில் இருந்த ஆயுதத்தைச் செய்து கொடுத்ததே எங்கள் சங்கம்தான். 1961இல் சங்கம் ஒரு சின்னப் புத்தகம் போட்டிருந்தது. மெல்வர்ட் குடும்பம் ஐந்நூறு வருஷமாக இந்த மேனரை ஆண்டது, லோங் பீஸும் அவர்களுடையதே, தங்களுடைய பெருந்தன்மையால் ஊரவரை அதில் நடமாட விட்டார்கள் என்று அதில் இருக்கிறது. விஷயம் அந்தப் பெருந்தன்மையில்தான் இருந்தது. சொந்தக்காரர் தயவு பார்த்து விட்ட காணி என்றால், அவரிடம் வாங்கியவன் நாளைக்கு அந்தத் தயவை நிறுத்தலாம். ஊருக்கு உரிமை இருந்தது என்றால் எவனாலும் நிறுத்த முடியாது. எல்லாம் இந்த ஒரு கேள்வியில் தொங்கியது.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் எங்கள் சங்கத் தலைவர் கிளைவ் ஆட்ரிஜின் தகப்பன். ஊரில் பெரிய மதிப்புள்ள மனிதராக இருந்து செத்தவர். தேவாலய வாசலில் அவர் பெயர் வெட்டிய ஒரு வாங்கு இருக்கிறது, வருகிறவர்கள் உட்கார. கிளைவுக்கு எழுபத்திநாலு வயது. கலியாணம் கட்டவில்லை. தகப்பனின் புத்தகத்தை நாலு முறை மறுபதிப்புச் செய்திருக்கிறார், ஒரு சொல்லும் மாற்றாமல்.

மேரிறோஸுக்கு அந்தப் புத்தகத்தில் சந்தேகம். மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் பேசாமல் இருந்தாள். உப்புக் குறைவு என்று நான் சொன்னதற்கும் பதில் இல்லை. நாலாம் நாள் சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, புத்தகத்தில பெரிசா எழுதிக் கிடக்கிற இந்த சேர் ஜைல்ஸ் மெல்வர்ட் இஞ்ச பிறந்த ஆள் இல்லை. மாப்பிள்ளையா வந்த ஆள்.”

ஐந்நூறு வருஷம் ஆண்ட குடும்பம் என்றால் அவர்களுடைய பிள்ளைகள் இங்கே ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும், கிழவர்கள் இங்கே அடக்கம் ஆகியிருக்க வேண்டும். 1693க்கு முன்னால் பதிவேட்டில் ஒரு மெல்வர்ட்கூட இல்லை. அந்த வருஷம் ஜைல்ஸ் மெல்வர்ட், டொரத்தி டாரல் என்ற பெண்ணைக் கலியாணம் கட்டுகிறார். அடுத்த வருஷம்தான் முதல் மெல்வர்ட் குழந்தை. டாரல்கள் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் பிறந்து செத்துக்கொண்டிருக்கிறார்கள். பெண் வீட்டுக்கு வந்து குடியிருந்த மாப்பிள்ளைதான் சேர் ஜைல்ஸ். யாழ்ப்பாணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரின் கதை அது. பெண்ணுக்குச் சீதனமாக வீடும் வளவும் கொடுப்பார்கள், மாப்பிள்ளை பெட்டியோடு வந்து இறங்குவார். இங்கிலாந்தின் ஒரு பிரபுவும் அப்படி வந்து இறங்கியிருக்கிறார் என்று கேட்டபோது எனக்கு அந்த மனிதரில் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

அடுத்த கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னாள். மேனர் சீதனமாக வந்ததாக இருக்கலாம், லோங் பீஸ் யாருடைய சீதனம் என்று தேட வேண்டும் என்றாள். மேனரின் பிரபுக்கள் மனைவி வீட்டில் குடியேறுவது வழக்கம் இல்லை என்று ஒரு பெண்மணி புன்னகையோடு விளக்கினார். கிளைவ், மிகவும் சுவாரசியமான யோசனை என்றார். இந்த ஊர்ப் பாஷையில் அதற்கு, உட்காரம்மா என்று அர்த்தம். காரில் வரும்போது நான் கத்திக்கொண்டு வந்தேன். அவள் கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்கு ஐந்து கிழமை இருந்தது. டொரத்தி மரணசாசனம் எழுதியிருந்தால் அதில் காணி விபரம் இருக்கும். டொரத்தி மெல்வர்டின் மரணசாசனத்தைச் சங்கத்தார் அறுபது வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டு, அவள் எழுதாமலே செத்தாள் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அவள் எங்கே அடக்கமானாள் என்பதும் தெரியவில்லை. மேரிறோஸ் அதைக் கேட்டுத் தலையில் கை வைத்தாள். கந்தோரில் ஒரு பெண்ணின் காணியைத் தேடினால், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, பிறகு இன்னாரின் மனைவி என்று அவளுக்கு இருந்த எல்லாப் பெயரையும் பார்க்காமல் புத்தகத்தை மூட விடமாட்டார்களாம். சேர் ஜைல்ஸ் 1709இல் போய்விட்டார். டொரத்திக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, கையில் காணி. அப்படிப்பட்ட விதவையை அந்த ஊர் ஆண்கள் சும்மா விட்டிருப்பார்களா என்று கேட்டாள்.

விடவில்லை. பக்கத்துப் பாரிஷின் பதிவேட்டில் 1712இல் கிடைத்தாள். தோமஸ் பாஸ்க் என்பவரை மறுமணம் செய்திருந்தாள். அவரும் அவளுக்கு முன்னால் செத்துப்போனார். டொரத்தி பாஸ்க், விதவை, 1731இல் அங்கேயே அடக்கம். பாஸ்க் என்ற பெயரில் தேடியபோது மரணசாசனம் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருந்தது. அறுபது வருஷமும் அங்கேதான் இருந்திருக்கிறது, கேட்பார் இல்லாமல்.

நானும் கூடப் போனேன். பேனை கொண்டுபோக விடமாட்டார்கள், பென்சில்தான். மேசையில் ஒரு தலையணையை வைத்து, அதன்மேல் பிறந்த குழந்தையைக் கிடத்துவது போலத் தோல் தாளை வைத்தார்கள். மேரிறோஸ் வரி வரியாக விரலை மேலே ஓட்டிக்கொண்டு போனாள், தாளில் படாமல். வெள்ளிக் கரண்டி ஒருத்திக்கு, கட்டில் ஒருத்திக்கு, பசு ஒருத்திக்கு. பிறகு விரல் நின்றது. எனக்கு மெல்லிய குரலில் தமிழில் வாசித்துக் காட்டினாள்.

என் தகப்பனுடையதாக இருந்ததும், என் முதற்கணவருடையதாகவோ இரண்டாம் கணவருடையதாகவோ ஒருபோதும் இராததுமான லோங் பீஸ் என்னும் நிலத்தை, மார்ல்கோட் பாரிஷில் குடியிருப்போர் எல்லோருக்கும் என்றென்றைக்கும் விடுகிறேன். அவர்கள் தம் துணிகளை உலர்த்தவும் அவர்களின் பிள்ளைகள் ஓடி விளையாடவும். அதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கீழே சாட்சியாகக் கையெழுத்து வைத்திருந்தவன் எட்மண்ட் மெல்வர்ட், அவளுடைய மூத்த மகன். பெருந்தன்மையால் விட்டதாகச் சொல்லப்பட்ட குடும்பம் இதுதான். காணி தங்களுடையது இல்லை என்று தெரிந்துகொண்டே கையெழுத்து வைத்திருக்கிறான். மேரிறோஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கண்ணீர் தாளில் விழாமல் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி இருந்து அழுதாள். அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய், இவள் என் மனைவி என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

நேரே கவுன்சிலுக்குப் போவோம் என்றேன். அவள் மறுத்தாள். முதலில் கிளைவுக்குக் காட்ட வேண்டும் என்றாள். அன்று பின்னேரமே பிரதியோடு அவர் வீட்டுக்குப் போனோம். அவர் இரண்டு தரம் வாசித்தார். முகம் சிவந்து, பிறகு வெளிறியது. யோசித்துச் சொல்கிறேன் என்று எங்களை வாசல் வரை வந்து வழியனுப்பினார். சுவரில் அவர் தகப்பனின் படம் இருந்தது.

நாலு நாளாகியும் அவரிடமிருந்து போன் வரவில்லை. விசாரணைக்கு இன்னும் இரண்டு நாள்தான். சங்கத்தின் சார்பில் பேசப் பதிந்திருந்தது அவருடைய பெயர். நான் வீட்டுக்குள் நடந்து திரிந்தேன். அந்த மனுஷன் தகப்பனின் பெயருக்காக ஊரையே விற்கப் போகிறான் என்று கத்தினேன்.

“உமக்கென்ன விசரோ?” என்று முடித்தேன். “நீரே கொண்டுபோய்க் குடுமன்.”

“குடுத்திட்டன்,” என்றாள். “நேற்றே பிரதியைக் கவுன்சிலுக்கு அனுப்பிப் போட்டன். அவருக்கும் அதைச் சொல்லிக் கடிதம் எழுதினனான். காணியை விட ஏலாது. ஆனா அந்தாளின்ரை தகப்பன் பிழை எண்டு என்ரை வாயால சொல்லமாட்டன். அதை மட்டும் ஆரும் என்னட்டைக் கேக்கக்கூடாது.”

விசாரணை கவுன்சில் மண்டபத்தில் நடந்தது. விசாரணை அதிகாரி ஒரு பெண், மெலிந்தவர், எல்லாவற்றையும் கையால் எழுதினார். ஊரில் பாதி வந்திருந்தது. எங்கள் தமிழ்ப் பள்ளியை நடத்துகிற சண்முகராசா, ஆசிரியர்மாரை வரிசையாகக் கொண்டுவந்து இருத்தியிருந்தார். கம்பனியின் வக்கீல் 1961 புத்தகத்தைத் தூக்கிக் காட்டி அரை மணித்தியாலம் பேசினார். கடைசியில் சங்கத் தலைவரைக் கூப்பிட்டார்கள். கிளைவ் எழும்பினார். கையில் ஒரு தாளும் இல்லை. சங்கத்தின் சாட்சியத்தைத் திருமதி மேரிறோஸ் யோகராஜா சொல்வார் என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

அவள் நீலச் சேலை கட்டியிருந்தாள். முன்னால் போய் டொரத்தி யார், எப்படி இரண்டு முறை விதவையானாள், காணி எப்படி ஊருக்கு வந்தது என்று பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தாள். அவளுடைய இங்கிலிஷில் யாழ்ப்பாணம் தாராளமாக இருந்தது. ஆனால் ஒரு திகதியிலும் தடுமாறவில்லை. வக்கீல் எழும்பினார். திருமதி யோகராஜா இந்த ஊரைச் சேர்ந்தவர் இல்லை என்று நினைக்கிறேன், எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள் என்று மிக மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதையை எனக்குத் தெரியும். அவள் இங்கிலிஷில் சொன்ன பதில் என் காதில் இப்படித்தான் விழுந்தது:

“இருபத்திரண்டு வருஷம். சேர் ஜைல்ஸ் வந்து ஒன்பதாம் வருஷமே, தான் இந்த ஊரின்ரை பிரபு எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சவர். அவரை ஒருத்தரும் இந்தக் கேள்வி கேக்கேல்லை.”

மண்டபம் சிரித்தது. விசாரணை அதிகாரி குனிந்து எழுதினார், ஆனால் அவருடைய வாய் ஓரத்தையும் நான் பார்த்தேன். வக்கீல் விடவில்லை. ஊரே மதிக்கும் ஓர் அறிஞர் எழுதிய புத்தகம் பிழை, தான் சொல்வது சரி என்று திருமதி யோகராஜா சொல்கிறாரா என்று கேட்டார். ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் வேண்டும் என்றார்.

மேரிறோஸ் பேசவில்லை. கையிலிருந்த டொரத்தியின் மரணசாசனப் பிரதியைப் பார்த்தாள். ஓம் என்று சொல்லு, ஒரு சொல்தானே என்று நான் உள்ளுக்குள் மன்றாடினேன். அதிகாரி பேனையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். வக்கீலின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

அப்போது பின்னாலிருந்து கிளைவ் எழும்பினார். குறுக்கிடக் கூடாது என்று அதிகாரி சொல்வதற்குள் பேசத் தொடங்கிவிட்டார்.

“அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும். என் தகப்பனார் பிழை விட்டார். அவருக்கு மெல்வர்ட்களை மிகவும் பிடிக்கும். டொரத்தியை மெல்வர்ட் என்ற பெயருக்கு வெளியே அவர் தேடவே இல்லை. நானும்தான். இந்த அம்மா தேடினார்.”

கிளைவ் உட்காரவில்லை. குரல் உடைந்துவிட்டது, ஆனாலும் நின்றுகொண்டே இருந்தார். மேரிறோஸ் அவரைப் பார்த்துத் தலை குனிந்தாள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்கும் அவள் அவ்வளவு தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

தீர்ப்பு ஓகஸ்ட் மாதம் வந்தது. பதினெட்டுப் பக்கம். எனக்கு வேண்டியது இரண்டே வரி: லோங் பீஸை ஊர் மக்கள் பயன்படுத்தியது ஒருவருடைய தயவிலும் அல்ல, தங்கள் உரிமையில், கம்பி வேலியை அகற்ற வேண்டும். அந்த இரண்டு வரியையும் போனில் படம் எடுத்து டோர்ட்மண்டில் இருக்கும் என் தம்பிக்கு, கிங்ஸ்பரியில் இருக்கும் மைத்துனருக்கு, என்னோடு வேலை செய்த றமணனுக்கு, கேட்டவருக்கு, கேளாதவருக்கு எல்லோருக்கும் அனுப்பினேன். மேரிறோஸ் அன்று காலை உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பி வேலியைக் கழற்றிக்கொண்டு லொறி போன அன்று நல்ல வெயில். அவள் ஒரு வாளியில் ஈரத் துணிகளையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். வீட்டில் டிரையர் இருக்கிறதே என்றேன். காது கேளாதவள்போல் நடந்தாள். லோங் பீஸில் இரண்டு மரத்துக்கு இடையில் கயிற்றைக் கட்டினோம். கட்டில் விரிப்பு, தலையணை உறை, அவளுடைய நீலச் சேலை, கடைசியாக நான் வீட்டில் இடுப்பில் கட்டுகிற இரண்டு சாரம். இங்கிலாந்தின் தேவாலயம் ஒன்றுக்கு முன்னால் என் சாரம் காற்றில் ஆடியது. எனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன். போகிறவர் வருகிறவர் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கிளைவ் புல்லுக்குள்ளால் நடந்து வந்தார். கையில் தோய்த்த மேசைவிரிப்பு ஒன்று, இன்னும் தண்ணீர் சொட்டியது. கயிற்றுக்குக் கிட்ட வந்து நின்று, இந்த ஓரத்தில் போடலாமா என்று அவர்களுடைய வழக்கப்படி கேட்டார்.

“கேக்கத் தேவையில்லை, கிளைவ்,” என்றாள் மேரிறோஸ். “எழுதிக் கிடக்குது.”